அணைத்த பல்பின் சிவப்பு

குளியலறைக் குழாயில் சிவப்புப் புள்ளி இருந்தால் வெந்நீர், நீலப் புள்ளி இருந்தால் பச்சைத் தண்ணீர். பல்பு மிஸ்ஸுக்கு இந்தக் குழாய்தான் முதல் எதிரி. வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து, "ஒரு நட்சத்திரம் சிவப்பா இருக்கு, இன்னொண்ணு நீலமா இருக்கு. எதுல சூடு அதிகம்?" என்று கேட்பார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சிவப்பு என்று சொல்லும்.

"யார் சொன்னா?"

"எங்க வீட்டுக் குழாய், மிஸ்."

"உங்க வீட்டுக் குழாய் எந்தக் காலேஜ்ல படிச்சுது?"

சிரிப்பு அடங்குவதற்குள் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு இரண்டாம் மாடியின் கோடியில் இருக்கும் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கும். நீள மேசையின் ஒரு முனையில் பெரிய பல்பு. இடித்துவிட்ட ஏதோ நாடக அரங்கிலிருந்து வந்தது. சின்னப் பூசணிக்காய் அளவு இருக்கும். உள்ளே இருக்கிற கம்பிச்சுருளே ஒரு விரல் நீளம். மறுமுனையில் சுண்டைக்காய் மாதிரி ஒரு டார்ச் பல்பு. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி ரெகுலேட்டர். எல்லாம் ஒரு மரப்பலகையில் திருகி வைத்தது. பலகைக்கு ஒரே ஒரு பிளக்.

மிஸ்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் பலகையால். யாராவது ஏமாந்தால் பல்பு வாங்கிட்டான் என்று சிரிக்கிற பிள்ளைகள் வைத்த பெயர் என்பதால் கொஞ்சம் நக்கலும் அதில் உண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "நான் வாங்கறவ இல்ல, கொடுக்கறவ" என்பார்.

பாடம் இதுதான். பெரிய பல்பின் ரெகுலேட்டரை மெல்லத் திருப்பினால் கம்பி முதலில் மங்கிய சிவப்பாகும். பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் ஏறக்குறைய வெள்ளை. சூடு ஏற ஏற நிறம் மாறுகிறது. நட்சத்திரமும் அப்படித்தான். சிவப்பு நட்சத்திரம் சூடு குறைந்தது. வெள்ளை அதைவிடச் சூடு. நீலம் எல்லாவற்றையும் மிஞ்சியது. "நீலத்துக்கு நம்ம பல்பு போகாது. போறதுக்குள்ள கம்பி உருகிடும். நீலம் வேணும்னா வானத்தைத்தான் பாக்கணும்" என்பார்.

அப்புறம் பெரியதைச் சிவப்பில் நிறுத்திவிட்டு, சின்னதை வெள்ளையாக எரியவிடுவார். கடைசி வரிசையிலிருந்து காகிதக் குழல் வழியாகப் பார்க்கிற பிள்ளைகளுக்குச் சிவப்புதான் பளிச்சென்று தெரியும். சூடு குறைவு, ஆனால் உடம்பு பெரிது. திருவாதிரை நட்சத்திரம் இந்த ரகம். சின்னப் பல்பைப் பிள்ளைகள் பக்கமாக நகர்த்தினால் அதுவும் பளிச்சிடும். "காதுகிட்ட வந்து கத்தினா யார் குரலும் பெருசாத்தான் கேக்கும். அதுக்காக அவன் தொண்டை பெருசுன்னு ஆயிடாது." நிறம் பார்த்தால் சூடு தெரியும், வெளிச்சத்தை மட்டும் பார்த்து எதையும் நம்பாதே. வகுப்பின் சாரம் இவ்வளவுதான்.

கடைசியில் சுவரில் நட்சத்திரங்களைப் புள்ளிகளாகக் குறித்த ஒரு பெரிய வரைபடம். கீழிருந்து மேலே வெளிச்சம், பக்கவாட்டில் சூடு. ஆனால் அதிகச் சூடு இடப்பக்கம், குறைந்த சூடு வலப்பக்கம். வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள்: "என்ன மிஸ், ரிவர்ஸ்ல போகுது?"

"முதல்ல போட்டவங்க அப்படிப் போட்டுட்டாங்க. பின்னால வந்தவங்க யாரும் மாத்தல. நம்ம ஆபீஸ் மாதிரிதான்."

பலகையைச் செய்தவர் மிஸ்ஸின் கணவர். அதே ஆய்வகத்தின் உதவியாளர். பிள்ளைகளுக்கு லேப் அண்ணன். வேலைக்கு வந்த புதிதில் மிஸ் ஒரு நாள், "இந்த சுவிட்ச் ஆடுது, கையில ஷாக் அடிக்கும், யார் பொறுப்பு?" என்று சத்தம் போட்டார். அண்ணன் பதில் பேசாமல் கழற்றி மாட்டினார். அதற்குப் பிறகு சுவிட்ச் ஆடவில்லை. மிஸ்தான் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு அண்ணன் இருக்கும் ஸ்டோர் அறைப் பக்கம் போய்வந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அண்ணன் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார், வீட்டிலும். "மிஸ், டீ ஆறிடும்." "மிஸ், சாவி எங்க?" பக்கத்து வீட்டார் டியூஷன் நடக்கிறது என்று நினைத்தார்கள்.

வகுப்பில் இருவருக்கும் இடம் நிரந்தரம். மிஸ் கரும்பலகை அருகில். அண்ணன் பெரிய பல்புக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்தபடி, கையைப் பின்னால் நீட்டி ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டு. டியூப்லைட்டை அணைத்ததும் மிஸ், "கண்ணு பழகட்டும், யாரும் பேசாதீங்க" என்பார். கொஞ்ச நேரம் கும்மிருட்டு. பிறகு, "பெருசு" என்பார். அண்ணன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒதுங்குவார். வகுப்பு முடிந்ததும் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டிவிடுவார். பலகையில் வேறு யாரையும் கை வைக்கவிட மாட்டார்.

போன பரீட்சை விடுமுறையில், காய்கறிப் பையோடு மாடி ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்தார். "மிஸ், ஒரு நிமிஷம்" என்றார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பள்ளி திறந்தது. மிஸ் வந்தார். குழாயோடு சண்டை போட்டார், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார், பிளக்கை மாட்டினார், விளக்கை அணைத்தார். "கண்ணு பழகட்டும்."

பழகியது. மேசைக் கோடியில், அணைந்திருந்த பெரிய பல்புக்குள், ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது.

மெல்லிய கோடு. எதையும் அது வெளிச்சமாக்கவில்லை. மூடிய இமைக்குள் தெரிகிற சிவப்பைப் போல் மங்கலாக இருந்தது. மிஸ் போய் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர். அன்றும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்: "மிஸ், நாம பாக்கற நட்சத்திரமெல்லாம் எப்பவோ செத்துப்போச்சாமே?"

"வெறுங்கண்ணுக்குத் தெரியறது ஏறக்குறைய எல்லாம் உயிரோடதான் இருக்கு. அதுங்க ஆயுசுக்கு முன்னால வெளிச்சம் வர்ற நேரம் ஒண்ணுமே இல்ல. செத்ததெல்லாம் இப்படி மினுக்கிட்டு நிக்காது." சொன்ன பிறகு மிஸ்ஸின் கண் சிவப்புக் கோட்டுக்குப் போனது. ரேடியோவின் கண்ணும் கூடவே போனது.

மதிய இடைவேளைக்குள் ரேடியோ ஒலிபரப்பி முடித்துவிட்டாள். லேப் அண்ணன் வந்திருக்கிறார். சுவிட்ச் போடாமலேயே பல்பு எரிகிறது. அவர் நின்ற இடத்திலேயே எரிகிறது.

மிஸ் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு கறுப்புத் துணியை விலக்காமல் ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார். வெளியே வெயில் கொளுத்தும், கீழே பஸ் ஹார்ன் அடிக்கும், உள்ளே இருட்டில் அந்தக் கோடு. முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு வந்துவிட்டது. "கேஸ் தீர்ந்துடுச்சு. ரெகுலேட்டரைக் கழட்டத் தெரியாம பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். உங்க தங்கச்சி போன் பண்ணினா. அழுதா. நான் அழல." கோடு அப்படியே இருக்கும். போகும்போது பிளக்கைப் பிடுங்க மனம் வராது. வாட்ச்மேன் வந்து மெயினை அணைக்கும்வரை விட்டுவிட்டுப் போவார்.

மேசையின் இரண்டாவது டிராயரில் கரண்ட் பார்க்கிற மீட்டர் இருந்தது. சுவிட்சின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவரே அவர்தான். டிராயரைத் திறக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் அப்புறம் அது வெறும் பல்பு.

ரேடியோவின் அம்மா பள்ளிக்கு வந்தபோதுதான் விஷயம் பெரிதானது. புதுத் தலைமையாசிரியை மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க டீச்சர். அந்தப் பொண்ணு வீட்டுல விளக்கை அணைச்சாத் தூங்க மாட்டேங்குதாம். அவங்க அம்மா கண்ணு சிவந்து வந்து நிக்கறாங்க. அணைச்ச பல்பு எரியுதுன்னு பிள்ளைங்க சொல்லுது. எரியுதா, இல்லையா?"

"எரியுது மேடம்."

"ஏன்?"

"பாக்கல."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நான் காமர்ஸ். வீட்டுல பல்பு போனா எங்க வீட்டுக்காரர் வர்றவரைக்கும் இருட்டுல உக்காந்திருக்கறவ. நீங்க பிசிக்ஸ். நீங்க பாக்கலைன்னா யார் பாக்கறது?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க நெலமை எனக்குப் புரியுது. ஆனா பிள்ளைங்க பயப்படறதை நான் பாத்துட்டு இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை அதே வகுப்பை மறுபடி நடத்துங்க, நானே வந்து நிக்கறேன். ஒரு பிள்ளை அலறினாலும் பலகை ஸ்டோருக்குப் போகுது. அப்புறம் புரொஜெக்டர்ல படம் போட்டு நடத்துங்க."

"படத்துல சூடு இருக்காது மேடம்."

"பயமும் இருக்காது. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லியிருக்கேன். எதுவா இருந்தாலும் சரி பண்ணிடுங்க."

எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வந்தார். பேசிக்கொண்டே வேலை செய்கிற ஆள். பலகையைக் கவிழ்த்துப் போட்டு, "பேயைக் காட்டுங்க டீச்சர், அதுக்கும் பில் போட்டுடலாம்" என்றார். விசிலடித்தபடி திருகுகளைக் கழற்றி டார்ச் அடித்தார். கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது.

"இந்தா இருக்கார்."

மிஸ் குனிந்து பார்த்தார். சுவிட்சைச் சுற்றிக்கொண்டு ஒரு மெல்லிய ஒயர் போனது. நடுவில் கரண்டைக் குறைக்கிற ஒரு ரெசிஸ்டர். சுவிட்சை அணைத்தாலும் அந்த வழியாகக் கொஞ்சூண்டு கரண்ட் பல்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். கம்பி லேசாகச் சிவக்கிற அளவுக்கு.

"விவரம் தெரிஞ்சவன் வேலை டீச்சர். பெரிய பல்பு ஆறிக்கெடக்கும்போது திடீர்னு போட்டா, கம்பி பட்டுன்னு அறுந்துடும். இப்படிச் சூடாவே வெச்சிருந்தா ரொம்ப நாள் வரும். இந்தப் பல்பு இப்ப எந்தக் கடையிலயும் கெடைக்காது இல்ல, அதான். யார் பண்ணினது?"

ஒயரின் இணைப்பில் சுற்றியிருந்த டேப்பின் நுனி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. பின்னால் பிரிக்கிறவனுக்கு நகம் நோகக்கூடாது என்று அப்படி மடிக்கிற ஒரே ஆளை மிஸ்ஸுக்குத் தெரியும். வீட்டில் அப்பளப் பாக்கெட்டை ஒட்டினால்கூட நுனி மடங்கியிருக்கும்.

"என் வீட்டுக்காரர்" என்றார்.

எலக்ட்ரீஷியன் கவிழ்ந்த பலகையை இன்னும் கொஞ்சம் பார்த்தார். "உங்ககிட்ட சொல்லலையா?"

"சுவிட்ச் அணைஞ்சிருக்குன்னா அணைஞ்சுதான் இருக்கணும்னு நான் கத்துவேன். அதான் சொல்லல."

"வெட்டிடட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

"பல்பு போயிடுமே."

"இன்னிக்குப் போகாது. என்னிக்காவது ஒரு நாள் போகும்."

"அப்ப இருக்கட்டும்."

"மேடம் கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவர் திருகுகளை மாட்டும்போது மிஸ் டேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்மேல் தூசி படிந்து பிசுக்காகியிருந்தது. பல வருடப் பிசுக்கு. "இது எப்பவோ போட்டது. அப்ப இத்தனை வருஷம் ஏன் சிவப்பு தெரியல? இதே ரூம், இதே இருட்டு."

"பேய் லீவுல இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, மிஸ் சிரிக்காததைக் கண்டு, எலக்ட்ரீஷியன் பையைத் தூக்கிக்கொண்டார்.

அன்று மாலை ஸ்டூலில் உட்கார்ந்தும் பேச்சு வரவில்லை. சிவப்புக் கோடு அப்படியேதான் இருந்தது. அதற்கு இப்போது காரணம் இருந்தது. ரெசிஸ்டர், ஒயர், டேப். மிஸ் முதல்முறையாகத் தன் கையால் பிளக்கைப் பிடுங்கினார். விடுமுறைக்குப் பிறகு, அந்த அறையில் தான் மட்டும் இருப்பதாக அன்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை சொன்னபடி வந்தார். மிஸ் நாற்காலி காட்டினார். "வேண்டாம். பிள்ளைங்க மூஞ்சியப் பாக்கணும், அதுக்குத்தான வந்தேன்" என்று மேசையைச் சுற்றிக்கொண்டு போய், வகுப்பைப் பார்த்தபடி நின்றார். ரேடியோ நடு வரிசையில், பக்கத்தில் இருந்தவளின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

பிளக். சுவிட்சுகள் அணைந்திருப்பதை எல்லோருக்கும் காட்டியாயிற்று. டியூப்லைட் அணைந்தது.

"கண்ணு பழகட்டும். யாரும் பேசாதீங்க."

மிஸ்ஸின் திட்டம் எளிது. கண் பழகியதும் அந்தச் சிவப்பைத் தானே சுட்டிக்காட்டி, ஒயரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பது. காத்திருந்தார். மேசையின் விளிம்பு புலப்பட்டது. கறுப்புத் துணியின் ஓட்டைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. சிவப்பு தெரியவில்லை.

கும்மிருட்டு. பழைய இருட்டு. மிஸ் அந்த இருட்டை அறிவார். அத்தனை வருடமும் "கண்ணு பழகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற இருட்டு அது. பெரிய பல்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு அடர்ந்த கறுப்பு. அந்தக் கறுப்பு மூச்சு விட்டது.

"மிஸ்," ரேடியோ கிசுகிசுத்தாள், "இன்னிக்கு வரல."

வகுப்பில் ஒரு பெருமூச்சு பரவியது. யாரும் அலறவில்லை. இப்படியே "பெருசு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் போதும். பலகை பிழைத்தது, வகுப்பும் பிழைத்தது. கறுப்பில் தலைமையாசிரியை கால் மாற்றி நின்ற சத்தம் கேட்டது.

மேடம் அங்கேதான் நிற்கிறார். பல்புக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்தபடி.

இருட்டு முழுசாக வேண்டும் என்று மிஸ் எத்தனை முறை கத்தியிருப்பார். ஒயரைப் போட்ட மனிதர் அந்தச் சிவப்பை மறைக்கத் தன் உடம்பையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். வருடா வருடம், வகுப்புக்கு வகுப்பு, வாயே திறக்காமல். இவ்வளவு நாளும் தான் பேசிக்கொண்டிருந்தது அவரோடு அல்ல, அவர் இல்லாத இடத்தோடு.

"இன்னிக்கு வரல" என்றாள் ரேடியோ. அப்படியென்றால் நாளைக்கு வரும். வீட்டில் விளக்கை அணைத்தால் வரும்.

"மேடம்" என்றார் மிஸ். "ஒரு ரெண்டு அடி தள்ளி நில்லுங்க."

"நானா? எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

செருப்புச் சத்தம். கறுப்பு நகர்ந்தது. சிவப்புக் கோடு வெளியே வந்தது.

யாரோ ஸ்டூலைத் தள்ளினார்கள். ரேடியோவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது அலறலாவதற்குள் மிஸ் கேட்டார்: "ரேடியோ, என்ன நிறம்?"

மிஸ் குரலைச் சற்று உயர்த்தினார்.

"உன்னைத்தான். ஊரெல்லாம் செய்தி வாசிக்கறியே, இதை வாசி. என்ன நிறம்?"

"சி… சிவப்பு மிஸ்."

"அப்ப சூடு அதிகமா, கம்மியா?"

"கம்மி."

"குழாய் என்ன சொல்லுது?"

"குழாய் பொய் சொல்லுது மிஸ்." எங்கோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார்.

மிஸ் ஒயரைப் பற்றிச் சொன்னார். கம்பி அறுந்துவிடாமல் இருக்க லேசாகச் சூடு வைத்திருப்பது, அதற்காக சுவிட்சைச் சுற்றி ஒரு குறுக்குவழி, அதை யார் போட்டார் என்பது. கம்பி ஐந்நூறு டிகிரிக்கு மேல் போனால்தான் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் சொன்னார்.

"ஒயர் முன்னாடியே இருந்துச்சுன்னா," ரேடியோவின் குரல் இப்போது பழைய குரலுக்குக் கிட்டத்தில் வந்திருந்தது, "எங்க அக்கா படிச்சப்ப ஏன் தெரியல? அவ இருட்டா இருந்துச்சுன்னுதான் சொன்னா."

"அப்ப அங்க ஒருத்தர் நின்னுட்டிருந்தார்" என்றார் மிஸ். "மேடம் இப்ப நின்ன இடத்துல."

தலைமையாசிரியை தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னும் ஓர் அடி தள்ளிப் போனார்.

பாடம் வழக்கம்போல் நடந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. காகிதக் குழல்கள். பெரியதும் சின்னதும். சுவரில் ரிவர்ஸில் போகிற வரைபடம். "ஒண்ணும் அலறலையே" என்று தலைமையாசிரியை மிஸ்ஸின் காதில் சொன்னார். "பலகை இருக்கட்டும். வேணும்னா அந்த இடத்துல ஒரு அட்டையை நிறுத்தி மறைச்சுக்கோங்க."

"வேண்டாம் மேடம். தெரியட்டும்."

மணி அடிக்கச் சற்று முன்னால் மிஸ் ரெகுலேட்டரைத் திருப்பினார். வெள்ளை மஞ்சளானது, மஞ்சள் ஆரஞ்சானது, பிறகு அந்த மெல்லிய சிவப்பு. பிளக்கைப் பிடுங்கினார். கோடு மங்கி, மறைந்து, முழு இருட்டு.

"இப்ப அது எரியுதா?"

"இல்ல மிஸ்."

"ரேடியோ, இங்க வா. தொடாம, கண்ணாடிக்குப் பக்கத்துல கையை நீட்டு."

இருட்டில் காலடிச் சத்தம் வந்தது. மேசை விளிம்பில் இடித்தது. நின்றது.

"என்ன?"

"சுடுது மிஸ்."

"வெளிச்சம்?"

"ஒண்ணும் தெரியல. ஆனா சுடுது."

ரேடியோ கையை எடுக்கவில்லை. மிஸ்ஸும் இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினார். மணி அடித்தது. வராண்டாவில் கதவுகள் திறந்து, பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே யாரும் டியூப்லைட்டைப் போடவில்லை. இருவர் கைக்கும் நடுவில் பல்பு ஆறிக்கொண்டிருந்தது.